பின் அச்சுக்கு வந்த பாரம்

விசையின் வழி: பதினோராம் கட்டுரை

எஞ்சினில் பிறந்த விசை கிளச்சையும் கியர்ப் பெட்டியையும் கடந்து வந்த வழியைச் சென்ற இரு வாரங்களாகப் பார்த்தோம். இந்த வாரம் அது வண்டியின் பின்புறத்தை அடைகிறது. புரொபெல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட தண்டின் வழியே நெடுக்காக வந்த சுழற்சி, அங்கே செங்கோணமாகத் திரும்பி, வேகம் குறைந்து வலிமை மிகுந்து, இரண்டாகப் பிரிந்து இரு சக்கரங்களையும் சேருகிறது. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, வளைவில்லாத நேர்பாதையில், கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, முதலில் கடப்பவர் யார் என்று பார்க்கும் டிராக் பந்தயத்தில், வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் புறப்பாட்டின் முதல் சில மீட்டர்களுக்குள்ளேயே நிச்சயமாகிவிடுகின்றன. அந்தக் கணத்தில் எஞ்சினின் சக்தி முழுவதும் ஒரே அடியாக வந்து விழுகின்ற இடம் பின் அச்சாகும். ஆகவே எஞ்சினுக்குச் செலவாகும் பணத்திலும் சிரத்தையிலும் ஒரு நல்ல பங்கு இந்த அச்சுக்குச் சேரவேண்டும் என்பதும், அதை வலுப்படுத்தும் வேலையில் எந்த உறுப்பை எந்த முறைப்படி மாற்றுவது என்று யோசித்துச் செய்பவனே தேர்ந்த மெக்கானிக் என்பதும் என் திடமான எண்ணம்.

பாகூர்ப் பக்கத்துச் சாலைகளில் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருளின் பாதி முன்னமே தெரியும். கனத்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்புவதும், ஓட்டுபவர் சட்டென்று கிளச்சை மிதித்து அவற்றைத் தரையில் இறக்குவதும் அறுவடைக் காலத்தில் காணக்கூடிய காட்சி. எஞ்சினிலிருந்து வரும் பினியன் என்ற சிறு பற்சக்கரம், கிரௌன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரிய சக்கரம் பாரத்தினால் சுழல மறுக்குமானால், சிறியது அதன் பற்களின்மேல் தானே ஏறிச் செல்ல முயல்கிறது. டிராக்டரில் பின் அச்சின் கூடும் வண்டியின் உடலும் ஒன்றாக இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், பினியனோடு வண்டி முழுவதும் பின் அச்சைச் சுற்றி மேல்நோக்கித் திரும்பப் பார்க்கிறது. சக்கரத்தை முன்னே சுழற்றுகின்ற ஒவ்வொரு விசைக்கும் வண்டியின் மூக்கை மேலே தூக்குகின்ற எதிர்விசை ஒன்று உண்டு என்ற இந்த உண்மையே, டிராக் பந்தய வண்டிகள் முன்சக்கரங்களை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு பாய்வதற்கும், சரிவர அமைக்காத பின் அச்சு ஒரே பாய்ச்சலில் முறிந்துபோவதற்கும் மூலகாரணமாகும்.

அச்சு முறியும் என்ற கவலை தமிழனுக்குப் புதிதன்று. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றுச் செய்யுளில், மேடுபள்ளம் அறியாத வழியில் உப்பு ஏற்றிச் செல்லும் வணிகர்கள், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போன செய்தி வருகிறது. சேம அச்சு என்று அதற்குப் பெயர். ஆனால் அந்த வண்டியின் அச்சுக்கும் மோட்டார் வண்டியின் அச்சுக்கும் அடிப்படையான ஒரு பேதம் உண்டு. மாட்டு வண்டியில் அச்சு அசையாமல் நிற்க, சக்கரங்கள் அதன்மேல் தனித்தனியே சுழல்கின்றன. வைகாசியில் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேர் வீதிவலம் வருகையில், பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் கவர்னரே வந்து பிடித்ததும் இன்று துணைநிலை ஆளுநர் பிடிப்பதுமான அந்த வடத்தின் வழியாகவே இழுவிசை முழுவதும் வெளியிலிருந்து வருகிறது. அந்த அச்சுகளுக்குப் பாரத்தைத் தாங்குவது ஒன்றே கடமை. முறுக்கு என்னும் துன்பம் அவற்றுக்கு இல்லை. எஞ்சின் சக்கரத்தையே பிடித்துச் சுழற்றத் தொடங்கிய அன்றுதான் அச்சுக்குப் புதிய பாரம் வந்தது.

அதனோடு ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிகத் தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டியிருக்க, இரண்டையும் ஒரே தண்டில் பூட்டி ஒரே வேகத்தில் சுழற்றுவது எப்படி? இந்த வினாவுக்கு விடை கண்டவர், நம் கொம்யூன்களை அந்நாளில் ஆண்டுவந்த நாட்டைச் சேர்ந்த ஒனெஸிஃபோர் பெக்கேர் என்ற கடிகாரக் கலைஞர். நீராவியால் ஓடும் ஒரு வண்டிக்காக, 1827-28 ஆண்டுகளில், பற்சக்கரங்களால் ஆன டிஃபரன்ஷியல் என்ற அமைப்பை அவர் வகுத்துக் காப்புரிமை பெற்றார். கடிகாரத்தின் நுண்ணிய பற்களோடு பழகிய கை, கனத்த வண்டியின் சக்கரங்களுக்கு வழிசெய்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. பிறகு 1898ஆம் ஆண்டு, இருபத்தோரு வயது இளைஞரான லூயி ரெனோ, சங்கிலிக்குப் பதிலாக நெடுந்தண்டு ஒன்றின் வழியே பின் அச்சைச் சுழற்றும் சிறு வண்டியைச் செய்து, டிசம்பர் 24ஆம் தேதி இரவு பாரிஸ் நகரத்தில் செங்குத்தான லெபிக் தெருவில் ஏற்றிக்காட்டினார். இன்று வில்லியனூர்ச் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் குட்டி யானையின் அடியில் குனிந்து பார்த்தால், அந்த இரு பிரெஞ்சுக்காரர்களின் யோசனையும் ஒன்றாக இணைந்து எண்ணெய் படிந்து தொங்குவதைக் காணலாம்.

டிராக் பந்தயம் பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம். காய்ந்த ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின், விமானத் தளங்களின் நேர்பாதைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1950இல் சாண்டா ஆனா நகரத்து விமான நிலையத்தின் ஓடுபாதையில் ஒழுங்கான பந்தயங்கள் நடைபெறலாயின. மறு ஆண்டே வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி, தெருவில் நடந்த விபரீத விளையாட்டை விதிகளுக்கு உட்பட்ட போட்டியாக்கினார். நம் பக்கத்துச் சரித்திரமும் ஏறக்குறைய இப்படியே செல்கிறது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடத்திப் புகழ்பெற்று, 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று நிரந்தரமான பந்தயப் பாதையைக் கட்டிக்கொண்டது. இன்று தேசிய அளவிலான டிராக் போட்டிகள் அந்தப் பாதையின் நேர்பகுதியில் நடக்கின்றன. புதுச்சேரிப் பிரதேசத்து இளைஞனுக்கு அது சில மணி நேரப் பயணம்தான்.

பின் அச்சின் முக்கியத்துவத்தை உடலால் உணர்ந்தவர்கள் அந்தக் காலத்து அமெரிக்க ஓட்டுநர்கள். 1950களின் நடுவில் தோன்றி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கோலோச்சிய ‘ஸ்லிங்ஷாட்’ என்ற வகை வண்டியில், பாரம் முழுவதும் பின்சக்கரங்களின்மேல் விழவேண்டும் என்பதற்காக, ஓட்டுநரைப் பின் அச்சுக்கும் பின்னால் உட்காரவைத்தார்கள். சுழலும் கிரௌன் அடங்கிய கூட்டின் இருபுறமும் கால்களை நீட்டிக்கொண்டு அவர் வண்டியைச் செலுத்தினார். 1970 மார்ச் 8ஆம் தேதி, லயன்ஸ் பந்தயத் திடலில், டான் கார்லிட்ஸ் என்ற பெரும்புகழ் பெற்ற வீரருடைய வண்டியில் கால்களுக்கிடையே இருந்த கியர் அமைப்பு வெடித்துச் சிதறி, அவருடைய வலப்பாதத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அவர் புதிய வண்டிக்குத் திட்டமிட்டார். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து அவர் செய்த வண்டி 1971இல் வெற்றி பெற்றதும், சில ஆண்டுகளுக்குள் எல்லோரும் அந்த முறைக்கே மாறினார்கள். முறிகின்ற உறுப்பு எதுவாயினும் அது முறியும்போது மனிதன் எங்கே இருக்கிறான் என்ற கேள்வியை, அச்சு வேலையில் கைவைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். பந்தயத்துக்கு வண்டியைத் தயார் செய்யும் இளைஞர்களில் பலர், எஞ்சினின் குதிரைசக்தி கூடினால்தான் அச்சு முறியும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு குறையுடையது என்பதைச் சிறு கணக்கு ஒன்றால் காட்டலாம். 1400 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று. அதில் பாதியான 700 கிலோ பின்சக்கரங்களின்மேல் இருக்கிறது. இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் இரண்டரை மீட்டர், வண்டியின் பாரமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். எஞ்சின் தரும் முறுக்கு 40 கிலோகிராம்-மீட்டர், முதல் கியர் அதை மூன்று மடங்காகவும் பின் அச்சு நான்கு மடங்காகவும் பெருக்குகின்றன என்றால், அச்சில் 480 வருகிறது. சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர். எனவே தரையைப் பின்னுக்குத் தள்ளக்கூடிய விசை 1600 கிலோ.

ஆனால் தரை அவ்வளவையும் ஏற்றுக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. தன்மேல் உள்ள பாரத்தில் பத்தில் எட்டுப் பங்கு விசையையே தரையில் ஊன்றக்கூடிய சாதாரண டயராக இருந்தால், வண்டி பாய்கையில் முன்னிருந்து பின்னுக்கு நகரும் பாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், 670 கிலோ அளவிலேயே டயர் வழுக்கிச் சுழன்றுவிடும். புகை எழும், பார்ப்பவர்கள் ஆரவாரம் செய்வார்கள், அச்சுக்கு ஒன்றும் ஆகாது. அதே வண்டியில் எஞ்சினைத் தொடாமல், பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு விசையைத் தாங்கும் வழவழப்பான பந்தய டயரை மாட்டினால், தரை ஏற்றுக்கொள்ளும் விசை 1500 கிலோவாகிவிடுகிறது. குதிரைசக்தி ஒன்றுகூடக் கூடாமலே அச்சின்மேல் விழும் முறுக்கு இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது! இதோடு, உச்ச வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலின் சேமிப்பு முழுவதையும் கிளச்சைத் திடீரென்று விடுவதால் வந்து தாக்கும் அதிர்ச்சி வேறு இருக்கிறது. சாதாரண டயரின் வழுக்கல் அதுவரை அச்சுக்குக் காவலாக இருந்தது. அந்தக் காவலை எடுத்துவிட்ட பிறகு, அடுத்துள்ள பலவீனமான உறுப்பு முறிவது இயற்கை. அதை வலுப்படுத்தினால் முறிவு அதற்கு அடுத்த உறுப்புக்கு நகரும். ஆகையால், பின் அச்சை மேம்படுத்துவது என்று நாம் சொல்லும் காரியம் ஒரு பொருளை வாங்கி மாட்டுவதோடு முடிவதில்லை. சக்கரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி, ஒவ்வோர் உறுப்பாக, அதற்கு வரப்போகும் பாரத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துச் செல்லும் நீண்ட யாத்திரை அது.

அந்த யாத்திரையில் முதலில் எதிர்ப்படுவது ஆக்சில் ஷாஃப்ட். வட்டமான தண்டு ஒன்று முறுக்கைத் தாங்கும் வல்லமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது என்பது பொறியியலின் அடிப்படை விதி; 28 மில்லிமீட்டர்த் தண்டை 32 மில்லிமீட்டராக்கினால், நான்கே மில்லிமீட்டர் கூடியதற்கு வலிமை ஒன்றரை மடங்காகிறது. அமெரிக்கப் பந்தய உலகில் ஷாஃப்டுகளை அவற்றின் முனையிலுள்ள ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கையால் குறிப்பிடுவது வழக்கம். 28 பற்களுள்ளது சாதாரண வண்டிக்கு, 31 பற்களுள்ளது ஓரளவு வலுத்ததற்கு, 35 பற்களுள்ளது கடுமையான பந்தயத்துக்கு. முதலாவதற்கும் கடைசிக்கும் விட்டத்தில் வித்தியாசம் எட்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, வலிமையிலோ ஏறத்தாழ இரு மடங்கு. இதே விதியின் மறுபக்கமும் பயனுள்ளது. தண்டின் நடுவே, அதன் விட்டத்தில் பாதி அளவுக்குத் துளையிட்டுவிட்டால், எடையில் நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. வலிமையில் பதினாறில் ஒரு பங்குதான் குறைகிறது. முறுக்கைத் தாங்குவதில் தண்டின் வெளிப்புறமே பெரும்பணி செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உலோகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் பக்கத்து லேத் பட்டறைகளில் இ.என்.8, இ.என்.19, இ.என்.24 என்று எஃகுகளைக் குறிப்பிடுவார்கள். இவற்றுள் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் கலந்த இ.என்.24, அமெரிக்கர்கள் 4340 என்று அழைக்கும் எஃகுக்கு நெருங்கிய உறவு. பந்தய ஷாஃப்டுகளுக்கு அந்த இனம் ஏற்றது. ஆனால் எஃகின் பெயர் பாதிதான். அதைச் சூடேற்றி, குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தும் கலையே மறுபாதி. பதம் அதிகமானால் கண்ணாடியைப்போல் உடைகிறது. குறைந்தால் முறுக்கிக்கொண்டு திரும்பாமல் நிற்கிறது. பழைய வண்டிகளின் இரண்டு ஷாஃப்டுகளை வெட்டி, வேண்டிய நீளத்துக்கு ஒட்டி வெல்டு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், எவ்வளவு நெருங்கியவரானாலும் அவரை வணங்கிவிட்டு வந்துவிடவேண்டும் என்று மிகுந்த அழுத்தத்தோடு சொல்கிறேன். வெல்டிங்கின் வெப்பம், ஒட்டிய இடத்துக்கு இருபுறமும் எஃகின் பதத்தை அழித்துவிடுகிறது. அடுத்த பாய்ச்சலில் அது அந்த இடத்தில்தான் அறும்.

அறுந்தால் என்ன ஆகும் என்பது சக்கரத்தை அச்சோடு பிணைத்திருக்கும் முறையைப் பொறுத்தது. சில வண்டிகளில் ஷாஃப்டின் உள்முனையில், டிஃபரன்ஷியலுக்குள்ளே, ஆங்கில ‘சி’ எழுத்தைப் போன்ற சிறிய கிளிப் ஒன்றே ஷாஃப்டை வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அத்தகைய ஷாஃப்ட் நடுவில் அறுந்தால், வெளித் துண்டோடு சக்கரம் முழுவதும் கழன்று தனியே ஓடிவிடும். ஆகவே பந்தயத்துக்கு இறங்குமுன் இந்தக் கிளிப் முறையை நீக்கி, வெளிமுனையிலுள்ள பேரிங்கே ஷாஃப்டைப் பிடித்திருக்கும்படி மாற்றுவது முதற்கடமை. இதனினும் மேலானது, லாரிகளில் நாம் காணும் முறை. அங்கே சக்கரத்தின் ஹப், அச்சுக் கூட்டின்மேலேயே இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்து பாரம் முழுவதையும் தாங்கிக்கொள்ள, ஷாஃப்டுக்கு முறுக்கைக் கடத்தும் ஒரே வேலை மிஞ்சுகிறது. விழுப்புரம் சாலையோரத்துப் பட்டறையில் லாரியை ஜாக்கியால் தூக்காமலே, ஹப்பின் போல்டுகளைக் கழற்றி ஷாஃப்டை மட்டும் உருவி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் பெருமையை விளக்கவேண்டியதில்லை. பாரம் தாங்கும் பொறுப்பையும் முறுக்கைக் கடத்தும் பொறுப்பையும் வேறு வேறு உறுப்புகளுக்குப் பகிர்ந்தளித்த அந்த ஏற்பாடு, பந்தயக்காரர்களும் விரும்பி ஏற்றுக்கொண்டதாகும்.

அடுத்தது கிரௌனும் பினியனும். 1957இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்டு 1986 வரை தன் வண்டிகளில் பொருத்திவந்த ஒன்பது அங்குலப் பின் அச்சு, இன்றும் டிராக் பந்தயத்தில் நிலைத்திருப்பதன் காரணத்தை ஆராய்ந்தால் பல பாடங்கள் கிடைக்கின்றன. அதில் பினியன் கிரௌனின் மையத்துக்கு வெகு கீழே அமைந்திருப்பதால், ஒரே சமயத்தில் அதிகப் பற்கள் தொட்டுக்கொண்டு பாரத்தைப் பகிர்கின்றன. பினியனின் முன்புறம் இரண்டு பேரிங்குகள் தாங்குவதோடு பின்முனையையும் மூன்றாவது பேரிங் ஒன்று தாங்குகிறது. கிரௌன், பினியன், டிஃபரன்ஷியல் மூன்றையும் ஒரே தொகுதியாக முன்பக்கமாகக் கழற்றி எடுத்துவிடலாம் என்பதால், காலையில் ஒரு கியர் விகிதமும் மாலையில் வேறொன்றுமாக மாற்றிப் பார்க்க முடிகிறது. இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பற்கள் ஒன்றன்மேலொன்று அதிகமாக வழுக்கி உராய்வதால் சக்தியில் ஒரு சிறு பகுதி வெப்பமாக வீணாகிறது. பற்களின் எஃகிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சாலையில் ஓடும் வண்டிக்கு நீடித்து உழைக்கும் கடினமான பற்கள் வேண்டும். பந்தயத்துக்கோ, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு உடையாமல் இருக்கும் 9310 என்ற மென்மையான எஃகே சிறந்தது. அது விரைவில் தேயும். பந்தயப் பற்சக்கரத்தை மாட்டிக்கொண்டு தினமும் பாகூருக்கும் புதுச்சேரிக்கும் போய்வருவது, நல்ல பொருளை வீணாக்கும் செயல்.

எந்த விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஊகத்துக்கு விடவேண்டியதில்லை. எல்லைக்கோட்டைக் கடக்கும் கணத்தில் எஞ்சின் தன் உச்சச் சுழற்சியை எட்டியிருக்கவேண்டும் என்பதே குறிக்கோள். வண்டி மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் எல்லையைக் கடக்கும் என்று கொண்டால், விநாடிக்கு 44.4 மீட்டர் ஆகிறது. டயரின் சுற்றளவு 2.1 மீட்டரானால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1270 முறை சுழலும். மேல் கியர் நேரடியாக இருக்க, எஞ்சினின் உச்சம் 6000 சுழற்சி என்றால், பின் அச்சின் விகிதம் ஏறக்குறைய 4.7 ஆக இருக்கவேண்டும். அதைவிடக் கூட்டினால் புறப்பாடு துடிப்பாக இருந்தாலும், எல்லைக்கு முன்பே எஞ்சின் மூச்சுத் திணறும். குறைத்தால் எல்லை வந்த பிறகும் எஞ்சினில் மிச்சம் இருக்கும்.

டிஃபரன்ஷியலைப் பற்றி நம் உழவர்களைக் கேட்டாலே போதும். சேற்றுழவின்போது ஒரு சக்கரம் புதைந்து வீணே சுழல, மற்றது அசையாமல் நிற்கும். உடனே அவர் காலடியிலுள்ள பெடலை மிதித்து டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடுகிறார். இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்று டிராக்டர் வெளியேறுகிறது. கெட்டியான தரைக்கு வந்ததும் பூட்டை விடுவிக்காமல் திருப்பினால் அச்சுக்கு ஆபத்து என்பதும் அவருக்குத் தெரியும். பெக்கேரின் அமைப்பு இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்கையே தருவதால், பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு குறைவாகத் தாங்குகிறதோ அவ்வளவே மற்றதற்கும் கிடைக்கிறது. பந்தய வண்டியில் இந்தக் குறை மேலும் கடுமையாகிறது. நெடுந்தண்டின் முறுக்கு அச்சுக் கூட்டையே ஒருபுறமாகச் சாய்த்து, பெரும்பாலான வண்டிகளில் வலப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்துவிடுவதால், அந்த ஒரு சக்கரம் புகைந்து சுழல, சக்தி வீணாகிறது. சாலையிலும் ஓடவேண்டிய வண்டிக்கு, உராய்வுத் தட்டுகளால் அளவோடு பூட்டிக்கொள்ளும் லிமிடெட் ஸ்லிப் அமைப்பு உசிதம். பந்தயத்துக்கு மட்டுமே உரிய வண்டியில் டிஃபரன்ஷியலையே எடுத்துவிட்டு, ஸ்பூல் என்ற திண்மையான எஃகுத் துண்டால் இரு ஷாஃப்டுகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைசக்தி கொண்ட ‘டாப் ஃப்யூவல்’ வண்டிகளில் இருப்பது ஸ்பூல்தான்; அவற்றின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது, சட்டத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது, விகிதமும் 3.20 என்று விதியால் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

அச்சுக் கூட்டையும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கையும் மறப்பவர்களே அதிகம். பினியன் மேலே ஏறப் பார்க்கிறது என்று டிராக்டரில் கண்டோமே, அந்த எதிர்விசை ஜீப்பிலும் பொலேரோவிலும் லீஃப் ஸ்பிரிங்கின்மேல் விழுகிறது. பட்டைகள் வளைந்து நெளிகின்றன, ஓர் எல்லைக்குமேல் தாங்காமல் வெடுக்கென்று பழைய நிலைக்குத் திரும்புகின்றன, மறுபடி நெளிகின்றன. சக்கரம் தரையில் குதித்துக் குதித்து அடிக்கும் இந்த நடுக்கம், வேறு எதனையும்விட அதிகமாக ஷாஃப்டையும் பினியனையும் உடைக்கிறது. காரணம், சக்கரம் ஆகாயத்திலிருந்து தரையைத் தொடும் ஒவ்வொரு தடவையும் ஒரு சம்மட்டி அடி விழுகிறது. அச்சிலிருந்து முன்னோக்கிச் சென்று சட்டத்தில் பிணையும் உறுதியான கம்பிகளைப் பொருத்தி இந்த நெளிவை அடக்கவேண்டும். முற்றும் பந்தய வண்டியானால் லீஃபை நீக்கிவிட்டு நான்கு இணைப்புக் கம்பிகளால் அச்சைத் தாங்கவைத்து, அவற்றின் சாய்வை மாற்றி மாற்றிப் பாரம் எவ்வளவு விரைவாகப் பின்சக்கரங்களுக்கு வரவேண்டும் என்று சரிசெய்யலாம். கூட்டின் குழாய்களும் இந்த விசையில் வில்லைப்போல் வளையக்கூடியவை. பின்புறம் ஓர் எஃகுத் தாங்கலை வெல்டு செய்வது வழக்கம். வெல்டிங்கின் சூட்டினாலேயே குழாய் கோணிவிடாதபடி, சிறிது சிறிதாக இடம் மாற்றி ஒட்டி, ஆறவிட்டு, இருமுனைப் பேரிங்குகளின் நேர்மையை அளந்து பார்த்தபின்பே ஷாஃப்டை நுழைக்கவேண்டும்.

முன்சக்கரங்களால் இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கு இவற்றில் பெரும்பகுதி பொருந்தாது என்பதையும் குறிப்பிடவேண்டும். 1983இல் மாருதி 800 வந்தது முதல் நம் நாட்டுச் சிறு கார்கள் பெரும்பாலும் அந்த வழியைப் பின்பற்றுகின்றன. அவற்றின் பின் அச்சு வெறுமனே தொடர்ந்து வருவது. பாயும்போது பாரம் பின்னுக்கு நகர்வதால், அவை இழுக்கும் சக்கரங்களிலேயே பிடிப்பை இழக்கின்றன. ஆம்னி, ஜீப், பொலேரோ, பழைய அம்பாசடர் முதலியவை வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கட்டுரை நேரடியாகப் பயன்படும்.

விழுப்புரத்திலிருந்து வரும் நான்குவழிச் சாலை, இரவு நேரத்தில் நேராகவும் வெறுமையாகவும் தோன்றும். அங்கே பந்தயம் விடும் எண்ணம் எவருக்கேனும் உண்டாகுமானால், அந்தச் சாலையில் பால் எடுத்துச் செல்பவரும் மாட்டை ஓட்டிச் செல்பவரும் நடக்கிறார்கள் என்பதை நினைக்கவேண்டும். பொது இடத்தில் அனுமதியின்றி வேகப் பந்தயம் விடுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பதிவு பெற்ற வண்டியின் அமைப்பை மனம்போல் மாற்றுவதை 52ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆகையால் இங்கே சொன்ன மாற்றங்கள் யாவும் பந்தயத் திடலுக்கென்றே ஒதுக்கிய வண்டிக்கு உரியவை. அதையும் வேறொரு வண்டியில் ஏற்றித்தான் இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோகவேண்டும்.

கடைசியாகக் கோர்க்கும் வேலை. பினியனுக்கும் கிரௌனுக்கும் இடையே உள்ள தளர்ச்சியை டயல் கேஜ் வைத்து அளந்து, பற்சக்கரம் செய்தவர் குறித்துள்ள அளவுக்கு, பொதுவாக 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை, ஷிம் தகடுகளால் சரிசெய்யவேண்டும். பிறகு பற்களில் வண்ணம் பூசிக் கையால் சுழற்றினால், தொடுகின்ற இடத்தின் தடம் பல்லின் நடுவில் தெரியவேண்டும். நுனியிலோ அடியிலோ தெரிந்தால் பினியனின் ஆழத்தை மாற்றி மறுபடியும் பார்க்கவேண்டும். இந்த ஒரு காரியத்துக்கு அரைநாள் பிடித்தாலும் அவசரப்படுத்தக்கூடாது. ஜி.எல்.5 தரத்து எண்ணெயை ஊற்றி, முதலில் பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக ஓட்டி, கூட்டை நன்றாக ஆறவிட்டு, மீண்டும் ஓட்டி ஆறவிட்டு, புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகியபின் அந்த எண்ணெயை வடித்துவிடவேண்டும். வடித்த எண்ணெயில் மெல்லிய சாம்பல் நிறத் தூள் இருப்பது இயல்பு. விரல் நுனியில் உறுத்தும் துண்டு ஒன்று கிடைத்தாலும், எவ்வளவு நெருங்கிய நாளில் பந்தயம் இருந்தாலும், முழுவதையும் பிரித்துப் பார்த்தே தீரவேண்டும். பந்தயத்தில் ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் ஷாஃப்டுகளை வெளியே எடுத்து, ஸ்ப்ளைன் பற்கள் நேராக நிற்கின்றனவா, முறுக்கேறிச் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்ல பட்டறையின் இலக்கணம். சாய்ந்திருந்தால் அந்த ஷாஃப்ட் தன் ஆயுளை முடித்துக்கொண்டது என்று பொருள்.

அச்சுக்குக் காவலாக நின்ற டயரைப் பற்றி இன்று ஓரிடத்தில் மட்டுமே சொன்னேன். அதன் ரப்பர், காற்றழுத்தம், சுழற்சியில் அது விரிந்து வளரும் விந்தை ஆகியவை அடுத்த வாரம்.